பிளக்கில் மிச்சம், கொயிலில் நட்டம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்கிடையில் மாவனல்லையிலும் இரத்தினபுரியிலும் நம் வியாபாரிகள் பலர் பழைய காரையே ஓட்டிச் சமாளித்தனர். வீட்டுக்கும் கடைக்கும் அந்த ஒன்றுதான்.

அது கடுகண்ணாவை ஏற்றத்தில் உதறினால் இக்னிஷன் கொயிலையும் பார்க்க வேண்டும். பெட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கி பிளக்கில் தீப்பொறி எழுப்புவது அதுவே. பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் கொயிலின் சுமையும் கூடும். பிளக் குழிக்குள் மழைநீரோ எண்ணெயோ இறங்கினாலும் கெடும்.

உடனே நான்கையும் மாற்றாதீர்கள். சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள காரென்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சந்தேகமான கொயிலைப் பக்கத்து சிலிண்டருடன் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நகராவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஓடுகிறதே" என்று விட்டுவிட்டால், எரியாத பெட்ரோல் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நாசமாக்கும். செலவு பல மடங்காகும். பிளக்கைத் தவணை தவறாமல் மாற்றுவதே இலாபம்.

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரதியைப் பிரதி என்று சொல்லியே விற்றுவிடுங்கள். இரண்டாம் முறையும் அதே வாடிக்கையாளர் வருவார்.