தண்ணீர் இல்லையென்றால் தயம்மும், இணையம் இல்லையென்றால்?



மலையகத்தில் குடும்பம் நடத்தும் உங்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் வட்டவளைப் பக்கமாக இருந்தாலும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களாக இருந்தாலும், மழையோடு மரம் சாயும். மரத்தோடு கம்பியும் அறும். முன்பெல்லாம் கம்பி அறுந்தால் விளக்கு மட்டுமே அணையும். லாம்பை ஏற்றி வைத்துக்கொண்டு சோறு ஆக்கிவிடுவோம். இன்று அந்தக் கம்பியோடு பிள்ளையின் சூம் வகுப்பு போகிறது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவரின் குரல் போகிறது. வீட்டிலிருந்தபடியே தையலுக்கும் கேக்குக்கும் ஓடர் எடுக்கும் சகோதரியின் அன்றைய வருமானமும் போகிறது. ஆகவே இது ஆடம்பரப் பேச்சல்ல. குடும்பத்தின் தேவையைப் பற்றிய பேச்சு.

வணக்கத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மார்க்கச் சட்டம் வாழ்க்கைக்கு ஒழுங்கையும் கற்றுத் தருகிறது. தண்ணீர் கிடைக்காதவருக்குத் தொழுகை விடுபடவில்லை; தயம்மும் என்ற மாற்று வழி கிடைத்தது. அந்தச் சட்டத்தில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, தண்ணீர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே தயம்மும். இரண்டாவது, அது தேவையின் அளவுக்குத்தான். ஷாபிஈ மத்ஹபில் ஒரு தயம்முமைக் கொண்டு ஒரு பர்ளான தொழுகையையே நிறைவேற்றலாம். மூன்றாவது, தொழுகைக்கு முன் தண்ணீர் கிடைத்துவிட்டால் தயம்மும் முறிந்துவிடும். தேடு, தேவைக்கு எடு, அசல் வந்ததும் மாற்றை விடு. வீட்டு இணையத்துக்கு மாற்று ஏற்பாடு செய்பவருக்கும் இந்த ஒழுங்கு போதும்.

இது ஏன் இவ்வளவு அவசியம்? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நாம் மறக்க முடியாது. அந்தப் பெயரே யெமன் நாடு கொடுத்தது; சுகுத்ரா தீவிலுள்ள ஒரு கடலேரியின் பெயர். அந்தப் புயலில் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதைகள், மின்சாரம், தொலைபேசி எல்லாம் பல இடங்களில் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. வெளிநாட்டில் இருந்தவர்கள் தம் வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் தவித்தார்கள். “நாங்கள் நலம்” என்ற இரண்டு சொல்லை அனுப்ப ஒரு வழி இருந்திருந்தால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் நின்றிருக்கும்!

முதலில் தேடுங்கள்

இணையம் நின்றதும் “லைன் போயிற்று” என்று முடிவு செய்யாதீர்கள். பைபர் இணைப்பு உள்ள வீட்டில், வீதியிலிருந்து வரும் கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி; மின்சாரமல்ல. கரண்ட் போனதும் இணையம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நம் வீட்டு ரவுட்டருக்குக் கரண்ட் இல்லாததுதான். இழை முறியாமலும், தொலைபேசி நிலையத்தில் பற்றரியோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டும் இருந்தால், ரவுட்டருக்கு உயிர் கொடுத்தாலே இணையம் திரும்பிவிடும். ரவுட்டர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் இழையில் கோளாறு. இந்த ஒரு விளக்கை மட்டும் இன்றே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே முதல் செலவு இரண்டாவது இணைப்புக்கல்ல. ரவுட்டருக்கான சிறிய பற்றரிப் பெட்டிக்கு. கடையில் “மினி யூ.பி.எஸ்.” என்று கேட்டால் கொடுப்பார்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதையும் நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

வாங்கும்போது கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரவுட்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். பெட்டியும் அதே வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். அம்பியர் குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும். பெட்டியின் மேல் 10,000 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக எழுதியிருந்தால் மயங்கிவிடாதீர்கள். அந்த எண் பொதுவாக உள்ளிருக்கும் பற்றரியின் 3.7 வோல்ட்டுக்கானது. 10 அம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கினால் 37 வோட் மணி. உங்கள் ரவுட்டர் 12 வோட் எடுத்தால், வழியில் வீணாவதும் போக, இரண்டரை மணி நேரம் வரும். ஒரு வகுப்புக்குப் போதும். ஓர் இரவுக்குப் போதாது.

இன்னொரு எச்சரிக்கை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பகுதியில் இடிமின்னல் அதிகம். இடி தொடங்குமுன்பே ரவுட்டரின் மின் செருகியைக் கழற்றிவிடுங்கள். பழைய செப்புக் கம்பி இணைப்பானால் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள்.

மாற்று, வேறு வழியாக வரட்டும்

இழையே முறிந்துவிட்டால் இரண்டாவது வழி வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. மாற்று வழி முதல் வழியின் மறுகிளையாக இருக்கக் கூடாது. வேர் ஒன்றானால் இரண்டு கிளையும் சேர்ந்தே வாடும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் கனடாவில் உண்டு. நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் டொரன்டோ உட்பட, 2022 ஜூலை 8ஆம் திகதி ரோஜர்ஸ் நிறுவனத்தின் சேவை முழுவதும் நின்றது. ஒரு கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டனர். வீட்டு இணையமும் கைத்தொலைபேசியும் உள்ளே ஒரே மைய வலையமைப்பில் ஓடியதால், அங்கே நேர்ந்த ஒரு தவறு இரண்டையும் சாய்த்தது. வீட்டுக்கும் தொலைபேசிக்கும் அதே நிறுவனத்தை வைத்திருந்தவர்கள் கையில் இரண்டு இணைப்பு இருந்தும் ஒன்றும் இல்லாதவர் ஆனார்கள்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.எல்.டி.யும் மொபிட்டலும் ஒரே குடும்பம். எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்தது. எடிசலாட் 2018இல் ஹட்ச்சுடன் சேர்ந்தது. ஆகவே வீட்டில் எஸ்.எல்.டி. பைபர் இருந்தால் மாற்று சிம் டயலொக்கோ ஹட்ச்சோ ஆகட்டும். வீட்டில் டயலொக் ரவுட்டர் இருந்தால் மாற்று மொபிட்டலோ ஹட்ச்சோ ஆகட்டும்.

ஆனால் மலையில் விளம்பரத்தை நம்பி சிம் வாங்கக் கூடாது. ஒரு தோட்டத்தில் நன்றாக எடுப்பது, அடுத்த மடுவத்தில் எடுக்காது. குன்று மறைத்தால் கோபுரம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. உறவினரின் சிம்மைக் கேட்டு வாங்கி, குசினியில், முன் ஜன்னலில், மேல்மாடியில் என்று வைத்துப் பாருங்கள். மழை பெய்யும் ஒரு மாலையிலும் பாருங்கள். எந்த ஜன்னலோரம் எடுக்கிறதோ அதுவே உங்கள் வீட்டின் “இணைய மூலை”. இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கோபுரத்தில் இருப்பதும் உண்டு. அந்தக் கோபுரத்துக்குக் கரண்ட் போனால் இரண்டும் போகலாம். முடிந்தால் வெவ்வேறு குன்றிலுள்ள கோபுரங்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையின் அளவுக்கு

சிம் டேட்டா பைபரைப் போல் தாராளமானதல்ல. வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து மெகாபைட்டுடன் முடியும். வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்தில் பல நூறு மெகாபைட்டை, சில வேளை ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல் விழுங்கும். ஆகவே ஹொட்ஸ்பொட்டில் இருக்கும்போது கமராவை அணைத்து ஆசிரியரின் குரலைக் கேட்கட்டும். யூடியூப் அன்று நோன்பு இருக்கட்டும்! ஹொட்ஸ்பொட்டுக்கு வீட்டு வைபையின் பெயரையே வைக்காமல் வேறு பெயர் வையுங்கள். மாற்றில் இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அசல் இணைப்பு வந்தவுடன் ஹொட்ஸ்பொட்டை அணைத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு, சிம் போடும் இடமும் பைபர் செருகும் இடமும் கொண்ட ரவுட்டர்கள் உண்டு. ஒன்று நின்றால் தானாகவே மற்றதற்கு மாறும். உழைப்புக்கு அவசியமானால் வாங்கலாம். பக்கத்து வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காக வாங்குவது இஸ்ராப்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் நம் நாட்டில் தொடங்கியது. மரக்கிளை மறைக்காத திறந்த வானம் இருந்தால் கம்பியும் கோபுரமும் இல்லாமலே அது வேலை செய்யும். ஆனால் செலவு அதிகம், மினி யூ.பி.எஸ்.ஸில் ஓடாத அளவுக்கு மின்சாரமும் எடுக்கும். ஒரு குடும்பம் சுமப்பதைவிட, ஜமாஅத்தார் சேர்ந்து பள்ளிவாசலில் வைத்து ஆபத்து வேளையில் ஊரார் அனைவருக்கும் திறந்துவிடலாமா என்று நிர்வாகத்தார் யோசிக்கட்டும்.

காசில்லாத மாற்று

இரண்டாவது சிம்முக்கும் வழியில்லாத வீடுகள் உண்டு. அவர்களுக்கு ஒரு வழி: பக்கத்து வீட்டில் வேறு நிறுவன இணைப்பு இருந்தால், “உங்களுக்கு நின்றால் எங்களிடம், எங்களுக்கு நின்றால் உங்களிடம்” என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கிடைத்த கடவுச்சொல் அமானிதம்; அதை மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையில் மார்க்கம் பேதம் பார்க்கவில்லை. லயத்து அக்காவின் பிள்ளை புலமைப்பரிசில் வகுப்புக்கு உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அது உங்களுக்கு நன்மைதான்.

எல்லா வழியும் அடைபடும் நாளும் வரும். அதற்காக முக்கியமான எண்களைக் கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள்: வீட்டார் எண்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இணையம் எடுக்காத பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி போகக்கூடும். பற்றரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருக்கட்டும். பாடங்களையும் குர்ஆன் ஓதல்களையும் இணையம் இருக்கும்போதே இறக்கி வையுங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. இந்த வேலையை “வாப்பா பார்த்துக்கொள்வார், நானா வந்து செய்வார்” என்று விட்டுவிடாதீர்கள். மலை சரியும் இரவில் வாப்பா கொழும்பில் கடையில் இருப்பார். நானா டோஹாவில் இருப்பார். வீட்டில் இருப்பது நீங்கள்தான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரவுட்டரின் செருகியை நீங்களே கழற்றி, பெட்டி தாங்குகிறதா, சிம்மின் தவணை முடியாமல் இருக்கிறதா, ஹொட்ஸ்பொட் வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். வயதுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். யூஸுப் (அலை) அவர்களும் பஞ்சம் வருமுன், செழிப்பான ஏழு ஆண்டுகளிலேயே தானியத்தைச் சேமிக்க வழி காட்டினார்கள். வெயில் அடிக்கும் இந்த நாளில் உங்கள் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பலனை அவனிடம் ஒப்படையுங்கள். நம் வீடுகளையும், தூரத்திலிருக்கும் நம் உறவுகளையும் வல்ல நாயன் காப்பானாக! ஆமீன்.