திரும்பி வா என்போருக்குச் சில கேள்விகள்

"போதும் அயல்நாட்டு வாழ்வு! தாய்மண் அழைக்கிறது, திரும்பி வாருங்கள்!" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. வளைகுடா நாட்டில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்த போடிநாயக்கனூர்த் தொழிலாளி, கைப்பேசியில் அதைக் கேட்டுக் கண் கலங்குவதும் உண்டு. ஆனால் தோழர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் ஒரு கேள்வி கேட்கிறானே, அதற்கு விடை யாரிடம் இருக்கிறது? "வந்து என்ன செய்வேன்?" என்பதே அக்கேள்வி.

அவன் திரும்புவானா, மாட்டானா என்று பட்டிமன்றம் நடத்துவதே வீண். சவுதியோ, குவைத்தோ, கத்தாரோ, கூலிக்கு அழைத்த நாடு அவனைக் குடிமகனாக்கிக்கொள்ளப் போவதில்லை. ஒப்பந்தம் முடிந்தால், உடல் தளர்ந்தால், பெட்டியைக் கட்டத்தான் வேண்டும். நாளைக் குறிப்பது ஒன்றே அவன் கையில் இருக்கிறது. மகள் திருமணம் முடியட்டும், வட்டிக்கடன் தீரட்டும் என்று அந்த நாளையும் தள்ளிப்போடுகிறான். பேராசைக்காரன் என்று பழிக்கின்றனர் சிலர். பழிப்போர் ஒருநாள் விடியற்காலையில் போடிக்கு வந்து பார்க்கட்டும்!

கோழி கூவுமுன் தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு பெண்கள் தெருமுனையில் நிற்கின்றனர். ஜீப்புகள் வருகின்றன. கொள்ளும் அளவுக்கு மேல் ஆட்களைத் திணித்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் முனகியபடி போடிமெட்டு ஏறி, மாநில எல்லை தாண்டி, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுகின்றன. களை பறிப்பது அவர்கள் கை. காய் எடுப்பது அவர்கள் கை. மாலையில் மீண்டும் அதே ஜீப், அதே வளைவுகள். கடல் கடந்தவனை ஊருக்கு வா என்கிறீர்களே, அந்த ஊரே பொழுது விடியுமுன் வேற்று மாநிலத்துக்குப் பிழைக்கப் போய்விடுகிறதே! அவனைப் பெற்றவளும் உடன்பிறந்தவளும் அந்த ஜீப்பில் அல்லவா நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்!

அந்தப் பிழைப்பேனும் உறுதியானதா? திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் வட்டங்கள் ஆயின. கோடு வரைபடத்தில் விழுந்தது. வயிறு அதைக் கண்டதா? ஆனால் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் மூண்டபோது கண்டது. பாதைகள் அடைபட்டன, ஜீப்புகள் நின்றன, மலைமீது குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் மூட்டை முடிச்சுடன் தேனி மாவட்டத்துக்கு இறங்கி ஓடிவந்தனர். 2020-ல் கொள்ளைநோய் வந்தது. எல்லை மீண்டும் மூடிற்று. அயல்நாடுகளில் வேலை இழந்தோரை வந்தே பாரத் விமானங்கள் ஏற்றி வரத் தொடங்கியதும் அவ்வாண்டு மே மாதத்தில்தான். மகன் வானவழி வந்து இறங்கினான். தாய்க்கோ மலைவழி அடைபட்டிருந்தது!

"சேமிப்பைக் கொண்டுவந்து ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கலாமே" என்கின்றனர் அறிவுரை வணிகர். நட்ட செடி காய் தர மூன்றாம் ஆண்டு ஆகும். 2018 வெள்ளம் தோட்டங்களைச் சிதைத்தது; 2019-ல் விலை வானைத் தொட்டபோது விற்பதற்குக் காய் இருந்தவர் சிலரே. 2024 கோடையில் செடிகள் கருகின. பரம்பரைத் தோட்டக்காரரே தள்ளாடும் சூதாட்டத்தில் பாலையில் சேர்த்த பணத்தைக் கொட்டச் சொல்வது யார் நலனுக்காக? போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், நிறம் பார்த்து, பருமன் பார்த்து ஏலக்காய்க்கு விலை கூறுகின்றனர். அராபியரின் காப்பிக்கு அது கப்பலேறுகிறது. காய்க்குள்ள கணக்கு, அதே அராபியாவிலிருந்து திரும்பும் ஆளுக்கு உண்டா?

'தாயகம் திரும்புதல்' என்ற சொல்லின் பழைய வரலாறு ஒன்றுண்டு. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டனர். மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகக் கூறுபோட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்தனர் அம்மக்கள். தேயிலை பறிக்க மட்டுமே தெரிந்த கைகளில் தொழில் கடன் சீட்டைத் திணித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1980களில், போடிக்கு அண்டை மலையாகிய கொடைக்கானலில், மரம் வெட்டும் குத்தகைதாரரிடம் கொத்தடிமைகளாய்ச் சிக்கிக் கிடந்தனர். தாய்மண் அழைத்து வந்தது. வரவேற்றவன் கடன் நோட்டுடன் நின்றான்!

மலைக்கு அப்பால் பாருங்கள். கேரளம் 1996-லேயே அயலகத்தாருக்கெனத் தனித்துறை கண்டது. 2008-ல் சட்டம் இயற்றி, அயலகத்தில் உழைத்தோருக்கு ஓய்வூதியம் தர வாரியம் வைத்தது. திரும்பியோர் தொழில் தொடங்க மானியத்துடன் கடன் கிடைக்க வழி செய்தது. அங்கும் குறை உண்டு. ஆயினும் கேட்பதற்கு ஒரு கதவு உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் சட்டம் நிறைவேறிற்று. வாரியம் உருப்பெற்றதோ 2022-ல்! பதினோராண்டு தூங்கியது கோப்பு. அந்தப் பதினோராண்டும் உழைத்தான் தொழிலாளி.

திரும்புவதும் தங்குவதும் அவன் உரிமை; நாள் குறிப்பவன் அவனே. நாம் கேட்பது அரசை. திரும்பும் தொழிலாளிக்கு உறுதியான ஓய்வூதியம் எங்கே? போடியில் விளையும் பருத்தியை, மாங்காயை, மலையிலிருந்து இறங்கும் ஏலத்தைப் பொருளாக்கும் ஆலைகளுக்கு அவனைப் பங்காளியாக்கும் கடன் எங்கே? எல்லை தாண்டிக் கூலிக்குப் போகும் பெண்ணின் வேலைக்கும் விபத்துக்கும் இரு மாநில அரசுகளும் ஒருங்கே பொறுப்பேற்கும் ஒப்பந்தம் எங்கே?

அடுத்தமுறை "திரும்பி வா" என்று பேச வருவோர் மாலையில் மேடை போட வேண்டாம். விடியுமுன் ஜீப் நிற்கும் இடத்துக்கு வரட்டும். தூக்குச்சட்டியுடன் நிற்கும் அந்தத் தாயிடம், "அம்மா, உன் மகனை வரச் சொல்" என்று நேருக்கு நேர் நின்று சொல்லட்டும், பார்க்கலாம்!