மிச்சக் காசை விடாதீர்கள்!



பாண்டிருப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ் ஏறினாலும், ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஏறினாலும் கதை ஒன்றுதான். மிச்சம் கேட்டால் "சில்லறை இல்லை". கடையில் கேட்டால் கையில் ஒரு டொபி. நாம் குத்திக் காசை எண்ணிக் கொடுத்தால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்!

மூன்று ரூபாதானே என்கிறீர்களா? போக மூன்று, வர மூன்று. மாதம் 25 நாளுக்கு 150 ரூபா; வருடத்துக்கு 1,800 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளமே 1,350 ரூபாதான். ஒரு நாள் உழைப்பை இனாமாகக் கொடுக்கிறோம்.

சதத்தின் பெறுமதி நமக்குத் தெரியாததா? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று கூலி விதித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வர 1984 ஆகிவிட்டது. அந்தச் சதங்களுக்காகத்தான் சங்கம் கட்டினோம்.

கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிப்பவர்களும் இதே "கொஞ்சம்தானே" பாட்டைத்தான் பாடுகிறார்கள். பஸ்ஸில் வாய் மூடிப் பழகினால் தராசுக்கு முன்னாலும் வாய் திறக்காது.

உண்டியலை உடையுங்கள். சரியான காசை எண்ணிக் கொடுங்கள். சில்லறை இல்லை என்ற சாட்டு அங்கேயே செத்துவிடும். மத்திய வங்கி வெளியிட்ட குத்தி சட்டப்படி செல்லும் பணம். அதைக் கொடுக்க வெட்கம் எதற்கு? டொபியைத் திருப்பிக் கொடுத்து மிச்சத்தைக் கேளுங்கள். அது பிச்சையல்ல, நம் சம்பளம்!