வல்லூறு: கலப்பினமா, தூய இனமா? கூண்டைத் திறக்கும்போதுதான் கேள்வியே!

ஒரு பறவை. விலை 17.5 லட்சம் சவுதி ரியால். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3.5 கோடி ரூபாய்!

2021 ஆகஸ்ட்டில் ரியாத் அருகே மல்ஹம் என்ற இடத்தில் நடந்த ஏலத்தில், வெள்ளை வெளேரென்ற ஒரு ஜிர் வல்லூறுக்குக் கிடைத்த விலை இது. அது காட்டில் பிடிபட்ட பறவை அல்ல. அமெரிக்காவில் உள்ள ஒரு பண்ணையில் முட்டையிலிருந்து பொரிந்து வந்தது.

விமான இருக்கைகளில் வரிசையாக வல்லூறுகள் உட்கார்ந்திருந்த அந்தப் புகைப்படம் ஞாபகம் இருக்கிறதா? 2017-ல் உலகமே ஷேர் செய்து சிரித்த படம். வளைகுடா நாடுகளில் வல்லூறு வளர்ப்பு அவ்வளவு பெரிய விஷயம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2002 முதல் வல்லூறுகளுக்கு பாஸ்போர்ட்டே உண்டு. அபுதாபியில் அவற்றுக்கென்று தனி மருத்துவமனை இருக்கிறது.

அந்த உலகத்தில் பல வருடங்களாக ஓயாத சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்க்க வேண்டியது தூய இனமா, கலப்பினமா? நம் ஊரில் நாட்டு மாடா, ஜெர்சியா என்று மோதிக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே சண்டைதான். ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. மாடு தொலைந்தால் தேடிப் பிடித்துவிடலாம். வல்லூறு தொலைந்தால்?

மூன்று பறவை, மூன்று குணம்

இந்தக் கதையில் முக்கியமான பறவைகள் மூன்று.

முதலாவது ஜிர். வல்லூறுகளிலேயே மிகப் பெரியது. ஆர்க்டிக் பனிப்பகுதிதான் இதன் தாய்வீடு. வேகம், பலம், அழகு எல்லாம் உண்டு. ஆனால், பாலைவன வெயில் ஆகாது. ஆஸ்பெர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று இதன் நுரையீரலைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பெரெக்ரின். புறா வளர்ப்பவர்களைக் கேட்டால் 'பைரி' என்று பதறுவார்கள். இரையைப் பார்த்து மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

மூன்றாவது சேக்கர். அரேபியர்களின் பாரம்பரிய வேட்டைப் பறவை. வெயில், மணல், பட்டினி எதையும் தாங்கும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடு கட்டும். இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஜிரின் உடம்பும் பெரெக்ரினின் பாய்ச்சலும் ஒரே பறவையில் கிடைத்தால்? ஜிரின் வெள்ளை நிறமும் சேக்கரின் தாங்கும் சக்தியும் சேர்ந்தால்? அந்த ஆசையில் பிறந்தவைதான் கலப்பினங்கள்.

தொப்பியில் இருக்கிறது சூட்சுமம்!

முதல் கலப்பினக் குஞ்சுகள் திட்டமிட்டுப் பிறந்தவை அல்ல. 1970-களின் தொடக்கத்தில், அயர்லாந்தில் ரொனால்ட் ஸ்டீவன்ஸ், ஜான் மோரிஸ் என்ற இருவரும் ஒரு சேக்கரையும் ஒரு பெரெக்ரினையும் ஒரே கூண்டில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஜோடி சேர்ந்து அவர்களுக்கே அதிர்ச்சி கொடுத்தன.

இன்று பண்ணைகளில் நடப்பதோ வேறு கதை. ஆண் குஞ்சு ஒன்றை மனிதரே ஊட்டி வளர்ப்பார். அது அவரையே தன் இனம் என்று நம்பிவிடும். வளர்ந்த பிறகு அவரையே ஜோடியாகவும் நினைக்கும். அவர் இதற்கென்றே செய்த ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு போவார். பறவை அந்தத் தொப்பியோடு இணை சேரும். அதில் சேரும் விந்தணுவை எடுத்து வேறு இனப் பெண் பறவைக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்கிறார்கள்.

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால், கோடிக்கணக்கில் புரளும் ஒரு தொழிலே இந்தத் தொப்பியை நம்பித்தான் இருக்கிறது.

கலப்பினத்தால் காட்டுக்கு என்ன லாபம்?

கலப்பினம் என்றாலே தப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு காலத்தில் வளைகுடாவுக்கு வந்த வல்லூறுகள் எல்லாமே காட்டில் வலை வைத்துப் பிடித்தவை. பண்ணையிலேயே பெரிய, வேகமான பறவை கிடைக்க ஆரம்பித்ததும், காட்டுப் பறவையைத் தேடிப் போகும் அவசியம் பலருக்குக் குறைந்தது. 400 மீட்டர் பந்தயங்களில் ஓடுவதற்குப் பண்ணைப் பறவை தாராளமாகப் போதும். அந்த வகையில், ஒவ்வொரு பண்ணைக் குஞ்சும் காட்டில் உள்ள ஒரு சேக்கரை வலையிலிருந்து காப்பாற்றும் வாய்ப்பு இருக்கிறது.

தூய இனப் பண்ணைக் குஞ்சும் இதே உதவியைச் செய்யும் என்பது மறுதரப்பின் வாதம். கோடிகளில் விலைபோன அந்த ஜிரே தூய இனம்தானே!

பறந்துபோனால் என்ன ஆகும்?

குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது. அதோடு அந்தக் கலப்பு முடிந்துவிடும். வல்லூறுகளில் அப்படி இல்லை. ஜிர், சேக்கர் இரண்டும் நெருங்கிய உறவு. அவற்றின் கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து தாங்களும் குஞ்சு பொரிக்கும்.

பயிற்சியின்போதும் வேட்டையின்போதும் பறவைகள் தொலைவது சகஜம். டிரான்ஸ்மிட்டர் கட்டியிருந்தாலும் சில திரும்புவதில்லை. ஐரோப்பாவில், தப்பிப் போன கலப்பினங்கள் காட்டுப் பெரெக்ரின்களோடு ஜோடி சேர்ந்தது பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியில் கலப்பின வளர்ப்புக்குச் சட்டத் தடையே உண்டு.

எண்ணிக்கையில் ஏற்கெனவே குறைந்துபோன சேக்கருக்கு இந்த ஆபத்து இன்னும் பெரியது. வலைக்கும் மின்கம்பிக்கும் தப்பிய பறவைக்கு, சொந்த இனத்தில் ஜோடி கிடைக்காமல் ஒரு கலப்பினம் வந்து சேர்ந்தால், அடுத்த தலைமுறை சேக்கராகவே இருக்காது. அதைத் திருத்த எந்தப் பண்ணையாலும் முடியாது.

அமெரிக்கக் கதையில் ஒரு திருப்பம்

அப்படியென்றால் 'தூய்மை' ஒன்றுதான் வழியா? அங்கேதான் ஒரு திருப்பம்.

டிடிடி பூச்சிக்கொல்லி பெரெக்ரின்களின் முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1960-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் பெரெக்ரின் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1970-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட், பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்தார். கிழக்கில் வாழ்ந்த பழைய கிளையினமே இல்லை என்பதால் ஸ்காட்லாந்து, ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று பல ஊர்ப் பெரெக்ரின்களைக் கலந்தார். மொத்தம் 7 கிளையினங்கள்!

'இது சுத்தமான அமெரிக்கப் பறவை இல்லையே' என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆனால், அந்தக் குஞ்சுகள் பாலங்களிலும் உயரமான கட்டடங்களிலும் கூடு கட்டிப் பெருகின. 1999-ல் பெரெக்ரின் அங்கே ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

இங்கே கலந்தது ஒரே இனத்தின் வெவ்வேறு கிளைகள். கலந்த நோக்கமும் காலியான வானத்தை நிரப்புவது. பந்தயத்துக்காக இரண்டு இனங்களைக் கலப்பது அப்படியல்ல. 'தூய்மை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

சரி, யார் பக்கம் நியாயம்?

பறவை எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தது அது. கையுறையிலும் பந்தய மைதானத்திலும் வாழ்வதற்கு என்றால் கலப்பினத்தில் தப்பில்லை. ஆனால், அது தொலையாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. காட்டுக்குள் விடுவதற்கு என்றால் அந்தக் காட்டுக்குரிய இனம் மட்டும்தான்.

அபுதாபி இதைப் புரிந்துவைத்திருக்கிறது. 1995 முதல் நடக்கும் ஷேக் சயீத் வல்லூறு விடுவிப்புத் திட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பறவைகள் வானுக்குத் திரும்பியிருக்கின்றன. எல்லாம் சேக்கரும் பெரெக்ரினும்தான், கலப்பினங்கள் அல்ல. சேக்கருக்காக மங்கோலியப் புல்வெளியில் 5,000 செயற்கைக் கூடுகள் அமைக்கவும் அபுதாபி பணம் கொடுத்தது.

அடுத்த முறை கையில் வல்லூறோடு யாராவது நிற்கும் வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், 'விலை எவ்வளவு இருக்கும்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இது கையை விட்டுப் பறந்துபோனால், யாரோடு ஜோடி சேரும்?' என்றும் யோசித்துப் பாருங்கள்.