உளி தரும் கல்வி

மண்ணூரை அடுத்த திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் மோட்டார் வண்டிகள் பல்லாயிரமாக உருவாகின்றன. அங்கே ஒருவர் ஓர் உறுப்பைப் பொருத்துவார்; மற்றொருவர் வேறோர் உறுப்பை முடுக்குவார். முழு வண்டியையும் யானே செய்தேன் என்று கூறத்தக்கவர் எவருமிலர். ஆதலின், ஒரு பொருளையேனும் தொடக்கமுதல் முடிவுவரை தம் கையாலேயே செய்து பழகுதல் இளைஞர்க்கு இன்றியமையாதது என்பேன். அதற்கு மரச்செதுக்கு வேலை மிகவும் ஏற்றது.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் செதுக்குகின்றனர். அக்கலை 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நியூசிலாந்து நாட்டு மாவோரி மக்களும் 'திக்கி' எனப்படும் மனித உருவங்களை மரத்தில் வடிப்பர். நம் வீட்டுக் கொலுவிலும் மரப்பாச்சிக்கு இடமுண்டு.

"எந்திரம் நொடியில் செய்வதைக் கையால் செய்வானேன்?" எனச் சிலர் வினவுவர். பொம்மை மட்டுமே பயன் எனின், அவர் கூற்று சரியே. ஆனால், மரத்தின் இழையோட்டத்திற்கு மாறாக உளியைச் செலுத்தினால் சிராய் பெயரும். செதுக்கி எறிந்ததை மீண்டும் ஒட்டவியலாது. ஆதலால், வெட்டுமுன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானே அமைகிறது. இப்பயனை எந்திரம் நமக்குத் தாராது.

மாணவர்களே! விடுமுறையில் ஒரு மாமரத்துண்டையும் சிற்றுளியையும் எடுங்கள். உளிமுனை உங்கள் கையை நோக்காதிருக்கட்டும். எண்ணிச் செய்யப் பழகிய கையே நாளை எந்திரத்தையும் நன்கு ஆளும்.