பொறி தேடட்டும், நூலகர் தேரட்டும்!

"கணினி வந்துவிட்டது, இனிச் சட்ட நூலகர் எதற்கு?" என வினவுவார் பெருகி வருகின்றனர். வினா எளிது, விளைவோ கொடிது!

வழக்கறிஞர்க்கு ஒரு தீர்ப்புக் கிடைத்தால் மட்டும் போதாது. பின்னர் வந்த தீர்ப்பால் வீழாது அஃது இன்றும் நிற்கின்றதா என்பதும் தெரிதல் வேண்டும். அமெரிக்காவில் பிராங்கு செப்பர்டு என்பார் 1873-இல் இதற்கென ஒட்டுத்தாள்களை அச்சிடத் தொடங்கினார். அவை சட்ட நூல்களின் ஓரங்களில் ஒட்டப்பெற்றன. நூறாண்டு கழித்து, 1973-இல், இலெக்சிசு என்னும் கணினித் தேடல் வந்தது. நூலகர் அழிந்தாரல்லர், பசையை விடுத்து விசைப்பலகையைக் கற்றார்.

2023-இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள்! நியூயார்க்கு முறைமன்றம் ஒன்றில், செய்யறிவுப் பொறி புனைந்துரைத்த, எங்குமே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாகக் காட்டப்பெற்றன. வழக்கறிஞர் இருவர்க்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் ஒருங்கே 5,000 தாலர் தண்டம் விழுந்தது. தீர்ப்புத் தொகுதியை ஒருமுறை புரட்டியிருந்தால் இவ்விழிவு நேர்ந்திராது. அதுவன்றோ நூலகர் அன்றாடம் செய்யும் பணி?

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. இந்திய உச்சமுறைமன்றத் தீர்ப்புகள் பொறிப்பெயர்ப்பின் துணையோடு தமிழிலும் வெளிவருகின்றன. மகிழ்கின்றோம்! ஆயின், ஓர் 'அன்று' விடுபட்டாலும் தீர்ப்பே தலைகீழாகும். ஆங்கிலப் படியோடு ஒத்துநோக்கி, ஐயமறத் தேர்ந்து கையளிக்கத் தமிழறிந்த சட்ட நூலகர் வேண்டும்.

பொறியை வாங்குங்கள், நூலகர் இருக்கையை விற்றுவிடாதீர்கள்!