வாயில் வைப்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள்: ஈப்போ, புந்தோங் மக்களின் கோரிக்கைச் சாசனம்

மலேசிய சுகாதார அமைச்சுக்கும் மருத்துவச் சாதன ஆணையத்துக்கும்:

அரிய மண் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரான மெங்லெம்புவைத் தாண்டினால் புக்கிட் மேரா. ஈயச் சுரங்கங்கள் கழித்துப் போட்ட அமாங் மணலிலிருந்து ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982 முதல் அங்கே இட்ரியம் என்ற அரிய மண் தனிமத்தை எடுத்தது. 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1994-இல் நிறுவனமே கடையைக் கட்டியது. அதன் கதிரியக்கத் தோரியக் கழிவு கிளெடாங் மலைப்பக்கம் புதைந்து கிடக்கிறது.

அதற்காக அரிய மண் எல்லாமே விஷம் என்று நாங்கள் கூச்சல் போடவில்லை. கதிர்வீச்சுத் தொல்லை தோரியத்தால் வந்தது. பல் மருத்துவத்தில் அரிய மண் தனிமங்கள் நல்லதும் செய்கின்றன. சிர்கோனியாப் பல் உறை எளிதில் உடையாமல் தாங்குவது இட்ரியம் ஆக்சைடு கலப்பதால்தான். பல் அடைக்கும் பசையில் இட்டெர்பியம் புளோரைடு இருந்தால் எக்ஸ்ரேயில் அடைப்பு வெள்ளையாகத் தெரியும்; அடியில் புதுச் சொத்தை பிடித்தால் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் கவலை நானோ துகள் பற்றியது. சீரியமும் ஓர் அரிய மண் தனிமம்; அதன் ஆக்சைடு நானோ துகள் கிருமியை அடக்கும், ஈறு வீக்கத்தைத் தணிக்கும் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. அதே துகள் அமிலச் சூழலில் உயிரணுவையே தாக்கக்கூடும். சொத்தைக் குழியில் இருப்பதோ அமிலம்.

ஆகவே, வாயில் வைக்கும் பொருளில் எந்தத் தனிமம், எவ்வளவு, நானோ அளவிலா என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிக் கொடுங்கள். 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணைக் கிளினிக் சுவரில் ஒட்டுங்கள்.

சீரியம் நானோ துகள் கலந்த மருந்து எதுவும், பெரியவர்களிடம் நீண்டகாலச் சோதனை முடியாமல், பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்கு வரக்கூடாது.

தூசு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். நோயாளி நாற்காலியில் சாய்ந்திருப்பது அரைமணி நேரம். அடைப்பைத் தேய்த்து மெருகேற்றும்போது பறக்கும் தூளை உதவியாளர் ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறார். கார்பன் வில்விளக்குப் புகையில் வேலை செய்தவர்களின் நுரையீரலில் சீரியம் படிந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. தண்ணீர் பாய்ச்சித் தேய்ப்பது, பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய், தூசு புகாத முகக்கவசம் மூன்றையும் கட்டாயமாக்குங்கள். பல் உறை செய்யும் சிறு பட்டறைகளை மறந்துவிடாதீர்கள். அங்கேதான் சோதனைக்கு ஆள் போக வேண்டும். வடிகட்டாத கழிவுநீர் சுங்கை பாரி ஆற்றுக்குப் போகக்கூடாது.

பதிலை எழுத்தில் கேட்கிறோம். புதுப் பொருள் எதுவானாலும், கிளினிக்குக்கு வருமுன் புந்தோங்கிலேயே கூட்டம் போட்டுத் தமிழில் விளக்குங்கள். கேள்வி கேட்க எங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.